திருத்தி எழுதிய நோட்டு

நான் விளம்பரங்களைப் பின்னாலிருந்து படிக்கிறவன். கடைசிச் சொல்லில் தொடங்கி முதல் சொல்லுக்கு வருவேன். பிழை திருத்துகிறவர்களில் சிலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. முன்னாலிருந்து படித்தால் பொருள் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். பிழை கண்ணில் படாது. பின்னாலிருந்து படித்தால் சொற்கள் பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்களைப் போல ஒருவரையொருவர் தெரியாமல் நிற்கும். ‘ஒரே ஒரு கடி, உலகமே உன் வாயில்’ என்ற வரி எனக்கு ‘வாயில், உன், உலகமே, கடி, ஒரு, ஒரே’ என்றுதான் அறிமுகம். விளம்பர நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. ஆகவே எந்த விளம்பரமும் என்னைத் தொட முடியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிச் சொல்லித் திரிந்த காலத்தில் என் எடை தொண்ணூற்றாறு கிலோ.

எடை பார்க்க வேண்டி வந்தது அக்காவால். அவளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அவள் வீட்டுக்காரருக்கு ரத்த வகை சேரவில்லை. மகள் இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். எனக்கு எல்லாம் சேர்ந்தது.

“உங்க தம்பியோட கிட்னி உங்களுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கும்மா” என்றார் டாக்டர்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அதைச் சுத்தி இவ்வளவு பேக்கிங் எதுக்கு டாக்டர்?”

டாக்டர் சிரித்தார். ஆனால் அவர் சொல்ல வந்ததும் அதுதான். இந்த எடையோடு என்னை ஆபரேஷன் மேசையில் படுக்க வைத்தால் எனக்கு ஆபத்து. எண்பத்தெட்டுக்குக் கீழே வர வேண்டும், ரத்த அழுத்தமும் இறங்க வேண்டும். மூன்று மாதம். அதற்கு மேல் அக்காவைக் காக்க வைக்க அவருக்கு விருப்பமில்லை. அவள் கையில் ஊசி ஏற்றுகிற இடம் ஏற்கெனவே இரண்டு முறை அடைத்துக்கொண்டிருந்தது.

“எட்டு கிலோதானே? குறைச்சிடுவேன்” என்றேன். எட்டு கிலோ என்பது ஏதோ மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் வைக்கிற பொருள் என்பது போல.

உணவு ஆலோசகர் ஒரு நீல நோட்டைக் கொடுத்தார். கண்ணாடி போட்ட, கண்டிப்பான இளம்பெண். “வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் எழுதணும் சார். போன உடனே. ஒரு பிஸ்கட்டா இருந்தாலும்.”

“மேடம், தப்பு என் மேல மட்டும் இல்ல” என்று தொடங்கினேன். பொதுவாக நான் பேசாதவன். அலுவலகத்தில் எனக்கு மௌனசாமி என்று பெயர். ஆனால் குற்றம் இன்னொருவர் தலையில் ஏறும் என்று தெரிந்தால் எனக்கும் நன்றாகப் பேச வரும். “எங்க வீட்டுலேர்ந்து ஆபீஸ் போற வழியில நூத்தி முப்பத்தோரு சாப்பாட்டு விளம்பரம் இருக்கு. எண்ணிப் பாத்தேன். பஸ் பின்னாடி, நிழற்குடை மேல, போன்ல. ஆபீஸ் லிஃப்ட் கதவுல கூட ஒரு பெரிய பர்கர் படம். கதவு திறந்தா பர்கர் ரெண்டாப் பிளந்து நம்மள உள்ள வாங்கிக்குது. இதுக்கு நடுவுல ஒரு மனுஷன் எப்படி மேடம்...”

“அந்த லிஃப்ட் கதவு விளம்பரத்துல யார் கையெழுத்து?” என்று கூட வந்திருந்த அக்கா குறுக்கே கேட்டாள்.

நான் நீல நோட்டைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தேன்.

“இவன்தான் மேடம் பிழை பாத்து, சரின்னு கையெழுத்துப் போட்டான். எங்கிட்ட போட்டோ எடுத்து அனுப்பினான், பெருமையா. எண்ணறதுக்கு நேரம் இருந்திருக்கு பாருங்க, நடக்கறதுக்குத்தான் இல்ல.”

அக்கா கணக்கு டீச்சர். உடம்பு முடியாமல் விடுப்பில் இருந்தாலும் தொழில் அவளை விடவில்லை.

முதல் வாரம் நான் உண்மையாகவே நோட்டு எழுதினேன். வேகவைத்த முட்டை இரண்டு. வெள்ளரிக்காய். ஆரஞ்சு. சர்க்கரை இல்லாத காப்பி. அதற்கு எதிரே அடைப்புக்குறியில் ‘கஷ்டம்’ என்றுகூட எழுதினேன். பஸ்ஸை இரண்டு நிறுத்தம் முன்னாலேயே விட்டு இறங்கி நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை எடை பார்த்தபோது ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன். “அப்படியே இருடா” என்றாள். குரலில் கிண்டல் இல்லை. அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவள் என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் நிலைமை மோசம் என்று பொருள்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை மழை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பொரித்த கோழிக் கடை. எங்கள் நிறுவனத்தின் மிகப் பெரிய வாடிக்கையாளர். கண்ணாடியில் புதிய விளம்பரத்தை ஒட்டியிருந்தார்கள். மூன்று நாளைக்கு முன்னால் நான் பார்த்து அனுப்பியது. அச்சு சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது தொழில்முறையில் என் கடமை. தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து சின்ன எழுத்து தெரியவில்லை. கடந்து போனேன். மழைத்துளி கண்ணாடியை மறைத்தது. உள்ளே போனால் மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம். உள்ளே போனேன். உள்ளே சும்மா நிற்க முடியாது, வரிசையில்தான் நிற்க வேண்டும். வரிசையில் நின்றால் முறை வரும். முறை வந்தால் தொப்பி போட்ட அந்தப் பெண் “சொல்லுங்க சார்” என்பாள். சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை.

அச்சு நன்றாகத்தான் வந்திருந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து எழுதினேன்: ‘மாலை 6.20. பர்கர் ஒன்று. பொரித்த உருளைக்கிழங்கு, பெரியது.’ எழுதிவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஒன்பது நாள் சுத்தமான வரிகள். கீழே இந்த ஒரு வரி. எழுத்துக் கோத்த பக்கத்தில் தவறி விழுந்த வேற்று எழுத்தைப் போல உறுத்தியது. எனக்கு அந்தப் பக்கத்தில் என் வயிறு தெரியவில்லை, அக்கா தெரியவில்லை. ஒரு பிழை தெரிந்தது. பிழையைக் கண்டால் என் கை என்ன செய்யும் என்று இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரியும். சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, ஓரத்தில் நீக்கல் குறி போட்டு, ‘வேகவைத்த காய்கறி, ஒரு கிண்ணம்’ என்று எழுதினேன். மனம் லேசாகிவிட்டது. பிழை இருந்தது, பார்த்தோம், திருத்தினோம். வேறு என்ன செய்ய முடியும்?

சிவப்பு மையோடு ஆலோசகரிடம் காட்ட முடியாது என்பதால் புது நோட்டு வாங்கி முதலிலிருந்து சுத்தப்படி எடுத்தேன். அதன்பிறகு அதுவே முறையாகிவிட்டது. வார நாட்களில் ஒரு துண்டுத்தாளில் உண்மை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, திருத்தி, நல்ல கையெழுத்தில் நோட்டில் ஏற்றுவது. பொரித்த கோழி ‘அவித்த பயறு’ ஆகும். இனிப்புச் சோடா ‘வெந்நீர்’ ஆகும். ஒரே காய்கறி மூன்று நாள் தொடர்ந்து வந்தால் சந்தேகம் வரும் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு வியாழக்கிழமைக்கு ‘அரைக் கைப்பிடி வறுத்த கடலை’ என்று ஒரு சின்னக் குற்றத்தையும் வைத்தேன், நம்பகத்தன்மைக்காக. நான் சாப்பிட்ட எதற்கும் இவ்வளவு யோசித்ததில்லை.

அலுவலகத்திலும் நிலைமை உதவவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கோழிக் கடையிலிருந்து புதுப் பண்டங்களின் மாதிரி வரும். படம் போடுகிறவன் ருசி தெரிந்து படம் போட வேண்டுமாம். படம் போடுகிற எங்கள் ஆளுக்குக் கோந்து என்று பெயர். ஒட்டிக்கொண்டால் விட மாட்டான்.

“அண்ணே, ஒரே ஒரு துண்டு.”

“வேணாம்டா. அக்காவுக்குக் கொடுக்கணும்ல.”

“இதையாண்ணே அக்காவுக்குக் கொடுக்கப் போறீங்க? கிட்னியைத்தான கொடுக்கப் போறீங்க? இது அங்க போகாதுண்ணே, வேற ரூட்டு.”

இந்த மருத்துவ விளக்கத்தை நான் ஏற்றுக்கொண்டேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

எட்டாவது வாரம் டாக்டர் எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார். அவர் அறையில் அவரும் ஆலோசகரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் என் நோட்டு. எடை காட்டும் தாளும் இருந்தது: தொண்ணூற்றைந்து புள்ளி இரண்டு.

ஆலோசகர் நோட்டைப் புரட்டினார். “இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதினதில்ல சார். புதுசா வர்றவங்களுக்கு மாதிரியாக் காட்டலாம்னு வெச்சிருந்தேன்.”

எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டாக்டர் பெருமைப்படவில்லை. “இதுதான் எனக்குப் பயமா இருக்கு. இப்படிச் சாப்பிட்டா ஒரு மனுஷன் எட்டு வாரத்துல ஏழு கிலோவாவது குறையணும். நீங்க ஒரு கிலோகூடக் குறையல. அப்படின்னா உடம்புக்குள்ள வேற ஏதோ கோளாறு இருக்கு. தைராய்டா, வேற சுரப்பியா, பாக்கணும். நிறைய டெஸ்ட் எடுக்க வேண்டியிருக்கும். அது என்னன்னு தெரியற வரைக்கும் உங்ககிட்டேர்ந்து கிட்னி எடுக்க முடியாது. உங்க பேரை டோனர் பட்டியல்லேர்ந்து எடுக்கறேன்.”

எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. எனக்கு வியாதி. பெயர் தெரியாத, கௌரவமான ஒரு வியாதி. நான் பலவீனமானவன் இல்லை, நோயாளி. இனி யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். கோழிக் கடையின் விளம்பரமும் குற்றவாளி இல்லை, நானும் இல்லை. ஒரு சுரப்பி, அவ்வளவுதான். அக்கா அந்த அறையில் இருக்கிறாள் என்பதே சில நொடிகள் எனக்கு நினைவில் இல்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். முகம் ஏற்கெனவே வீங்கித்தான் இருந்தது. இப்போது வெளுத்தும் போயிருந்தது.

“இவனுக்கு என்ன டாக்டர்? பெரிய வியாதியா?” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “முதல்ல இவனைப் பாருங்க. எனக்கு டயாலிசிஸ் இருக்கு, ஓட்டிக்குவேன். டேய், உனக்கு உடம்புக்கு முடியலன்னு எங்கிட்ட ஏண்டா சொல்லல?”

அவள் பிடித்த கையில் கட்டு இருந்தது. ஊசி ஏற்ற மூன்றாவதாக இடம் பார்த்திருந்தார்கள்.

நான் பேசவில்லை. என் மௌனத்துக்குப் பழகியவர்கள்கூட அந்த மௌனத்தைத் தாங்கியிருக்க மாட்டார்கள். ஏசி சத்தம் போட்டு நின்றது, மறுபடி ஓடியது. வெளியே யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இப்படியே இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் எல்லாம் முடிந்துவிடும். எழுந்து டெஸ்டுக்குப் போகலாம்.

“நேத்து சாயங்காலம்” என்றேன். “பர்கர், ஒண்ணு.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

“அதுக்கு முன்னால மத்தியானம், பொரிச்ச கோழி, மூணு துண்டு. முந்தாநாள் ராத்திரி பீட்சா, அரை. அன்னிக்குச் சாயங்காலம் சோடா, பெருசு. அதுக்கு முதல் நாள் ஃபிரைஸ், ரெண்டு பாக்கெட்...”

பின்னாலிருந்துதான் எனக்கு வந்தது. நேற்றிலிருந்து முந்தாநாளுக்கு, இந்த வாரத்திலிருந்து போன வாரத்துக்கு. நல்ல பிழைதிருத்துகிறவன் தான் வைத்திருந்ததை மறக்கலாம். நீக்கியதை மறக்க மாட்டான். எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை துண்டு என்று எல்லாம் வரிசையாக வந்தது. ஆலோசகர் முதலில் எழுதிக்கொண்டார். ஐந்தாவது வாரத்துக்குப் போனபோது பேனாவைக் கீழே வைத்தார்.

“போதும் சார்.”

“இன்னும் மூணு வாரம் பாக்கி இருக்கு மேடம்.”

“சொல்லி முடிக்கட்டும்” என்றாள் அக்கா. என் கையை விட்டுவிட்டிருந்தாள்.

சொல்லி முடித்தேன். கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை மழைக்கு வந்து சேர்ந்தேன். “அச்சு சரியா இருக்கான்னு பாக்கத்தான் போனேன்” என்று சொன்னபோது, பின்னாலிருந்து படித்தாலும் அது பொய்தான் என்று தெரிந்தது.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்போ உங்களுக்கு வியாதி ஒண்ணும் இல்ல.”

“இல்ல டாக்டர். நான் நல்லாச் சாப்பிடறவன்.”

“தெரியுது.”

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். “எங்க பாத்தாலும் விளம்பரம் டாக்டர், மூச்சு விட முடியல” என்றேன்.

“நிறையத்தான். நானும்தான் பாக்கறேன். எங்க ஆஸ்பத்திரி கீழ்த்தளத்துலயே ஒரு கடை இருக்கு, எனக்கும் பிடிக்கல” என்றார் டாக்டர்.

ஆலோசகர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். “ஆனா இதை விளம்பரம் எழுதல சார்.”

ஆறு வாரம் கொடுத்தார் டாக்டர். ஒரு நாள்கூட அதிகம் கிடையாது. அதற்குள் இறங்காவிட்டால் அக்காவின் பெயர் இறந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருக்கும் பொதுப் பட்டியலுக்குப் போகும். அது எவ்வளவு நீளம் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போன் எடுக்கவில்லை. நான்தான் மௌனத்தில் கைதேர்ந்தவன் என்று நினைத்திருந்தேன். அவளிடம் நான் கற்றுக்குட்டி. வியாழக்கிழமை மதியம் டயாலிசிஸ் பிரிவுக்குப் போனேன். நான்காவது மாடி. லிஃப்டில் போகவில்லை. திருந்திவிட்டேன் என்பதால் அல்ல. லிஃப்டில் டாக்டர் இருந்தார். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது எதிர்ச் சுவரில் கீழ்த்தளக் கடையின் விளம்பரம். படிக்கட்டில்கூட ஒட்டியிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். அதையும் சரிபார்த்தது நான்தான்.

அவள் சாய்வு நாற்காலியில் கிடந்தாள். பக்கத்தில் இயந்திரம் ரத்தத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் இயந்திரத்தில் ஓடிய எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“அதெல்லாம் நல்லா இருந்துதாடா?”

யோசித்தேன். “முதல் கடி.”

“மத்தது?”

“மத்தது ஞாபகம் இல்லக்கா.”

“எட்டு வாரத்தை ஒப்பிச்ச. ருசி ஞாபகம் இல்லையா?”

இல்லை. உண்மையாகவே இல்லை.

தலைமாட்டில் ஒரு சின்ன டம்ளர் இருந்தது. கோடு போட்டது. அவளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை என்று அளந்து வைத்த தண்ணீர். எடுத்து உதட்டை நனைத்துவிட்டு வைத்தாள். “எனக்குத் தாகம் எடுக்கட்டும்னு யாரும் தெருவுல போர்டு வைக்கல. பஸ் பின்னாடி தண்ணிப் படம் போடல. ஆனாலும் நாள் பூரா எடுக்குது. கனவுல குழாயடியில நிக்கறேன். காலையில எழுந்து அளந்துதான் குடிக்கறேன். நீ எண்ணின நூத்தி முப்பத்தொண்ணையும் பிடுங்கிப் போட்டாலும், அந்தக் கடைக்குள்ள போன கால் யாரோடதுடா?”

காலை ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“நோட்டு கொண்டு வந்தியா?”

“பழசா?”

“அதை வெச்சு நான் என்ன பண்ண? அதுல இருக்கறவன் என் தம்பி இல்ல, ஏதோ முயல். இன்னிக்கு எழுதினதை எடு. படி. முன்னாலேர்ந்து.”

அன்றிலிருந்து இதுதான் ஏற்பாடு. செவ்வாய், வியாழன், சனி, டயாலிசிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் நான் நோட்டைப் படிப்பேன், அவள் கண்ணை மூடிக் கேட்பாள். இயந்திரத்தைக் கவனிக்கும் நர்ஸும் இப்போது கேட்கிறார். போன சனிக்கிழமை, “சார், நேத்து வெள்ளிக்கிழமையாச்சே, ஆபீஸ்ல சாம்பிள் வந்திருக்குமே?” என்று நினைவுபடுத்தியது அவர்தான். இன்று செவ்வாய்.

“காலை, முட்டை ரெண்டு” என்று படித்தேன். “ஆப்பிள் ஒண்ணு. மத்தியானம் அவிச்ச பயறு...”

“நிஜப் பயறா, கோழிப் பயறா?”

“நிஜம்க்கா. ஒரு கிண்ணம். ஒரு மணிக்கு. மூணு மணிக்குக் காப்பி, சர்க்கரை இல்ல. அப்புறம் இங்க வந்துட்டேன்.”

“இங்க வந்தது அஞ்சரைக்கு. ஆபீஸ்லேர்ந்து பொடிநடையா வந்தாலும் ஒரு மணி நேரம். மூணுக்கும் நாலரைக்கும் நடுவுல?”

நர்ஸ் ஊசியைச் சரிசெய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஃபிரைஸ்” என்றேன். “கோந்து நீட்டினான். நாலு.”

“நாலு பாக்கெட்டா, நாலு துண்டா?”

“துண்டுக்கா.” டம்ளரில் பாதிக்கோட்டுக்குக் கீழே தண்ணீர் இருந்தது. இன்றைக்கு அவளுக்கு அவ்வளவுதான். “ஏழு.”

“எழுது.”

எழுதினேன். பேனா சரியாக எழுதவில்லை, ‘நாலு’ என்று தொடங்கி அடித்து ‘ஏழு’ என்று போட்டேன். அந்தப் பக்கம் முழுக்கவே இப்படித்தான் இருக்கிறது: அடித்தல், கிறுக்கல், காப்பிக் கறை. அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். காலையில் எடை தொண்ணூறு புள்ளி ஒன்று. இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

“அடுத்தது?” என்றாள் அக்கா.